முழங்காலும் முந்தானையும்

திங்கள், செப்டம்பர் 8

விடிந்ததிலிருந்து மூடுபனி. வாசல் மிளகுக்கொடிகூடத் தெரியவில்லை. சாமை காயப்போட வழியில்லை.

பேரப்பிள்ளைகள் விவரம். யாராவது கேட்கும்போது ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

டேனியல். மகன் வீட்டு மூத்தவன். பாலிடெக்னிக் முடித்தான். ஓசூரில் கம்பெனி வேலை. சட்டைப் பையின் மேல் பெயர் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

எஸ்தர். அவன் தங்கை. சேலத்தில் நர்சிங், மூன்றாம் வருஷம். அவள் ஊசி போட்டால் கிழவர்கள்கூட முகம் சுளிப்பதில்லையாம்.

ஜெபக்கனி. திருப்பூரில் இருக்கும் மகளின் ஒரே பிள்ளை. பத்தாவது. கணக்கில் வகுப்புக்கே முதல். போன மாதம் அங்குள்ள ஆலயத்தில் திடப்படுத்தல் ஆயிற்று, இனி திருவிருந்து வாங்கலாம். கேட்ட கேள்விக்கெல்லாம் பார்க்காமல் பதில் சொன்ன ஒரே பிள்ளை. நான் ஐந்தாவதோடு நின்றவள். என் வம்சத்தில் இப்படி ஒரு பிள்ளை.

அவள்தான் இன்று போன் பண்ணினாள். வரும் ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. திருவிருந்தும் அன்றைக்கே. முதல் அப்பத்தை மலையில்தான் வாங்குவேன் என்று அங்கே இன்னும் வாங்காமல் இருக்கிறாளாம்.

"அம்மாயி, உங்க பக்கத்துலதான் நான் முழங்கால் போடுவேன். வேற யாரையும் நிக்க உடாதீங்க."

சரி கண்ணு என்றேன்.

மூன்று மாதமாக நான் பலிபீடத்துப் பக்கமே போகவில்லை என்று அவளுக்குத் தெரியாது. முட்டி தேய்ந்துவிட்டது, முழங்கால் போடவே கூடாது என்று சேந்தமங்கலத்து டாக்டர் சொல்லிவிட்டார். எல்லாரும் எழுந்து முன்னால் போவார்கள். நான் கடைசி வரிசையில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சரி என்று சொன்னது பொய்யில் சேருமா?

செவ்வாய்

தூறல். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். வலி அப்படியே. எண்ணெய் வாசம் மட்டும் சேலையில்.

போதகர் ஐயா வந்தார். சுக்குக் காபி. அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் நாற்காலிக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று முன்பு சொன்னதையே மறுபடியும் சொன்னார். கர்த்தர் முட்டியைப் பார்ப்பதில்லையாம். நல்ல பிள்ளை. சின்ன வயது. அவர் முட்டி நன்றாக இருக்கிறது.

என்னால் முடியாது என்றேன். தாலுகா ஆபீசில் மனு கொடுக்கவே எழுந்து நிற்கிறோம். என்னைப் படைத்தவர் என்னிடம் வர, நான் சாய்ந்து உட்கார்ந்து கை நீட்டுவதா. அம்மா என் கையைப் பிடித்து அந்தப் பீடத்துக்குக் கூட்டிப் போனபோது, செருப்பைக் கழற்று, தலையைப் போர்த்து, முழங்கால் போடு என்று மூன்றுதான் சொல்லிக் கொடுத்தாள். மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு எப்படிப் போவது.

ஐயா டம்ளரைக் கீழே வைத்தார். காபி நன்றாக இருக்கிறது என்றார்.

அடுப்புக்கு விறகு ஈரம். புதுக் கொட்டகையில் அடுக்க வேண்டும்.

புதன்

இன்று நடந்ததை எழுத வெட்கம். எழுதத்தான் வேண்டும்.

பனி விலகிற்று. சாமையைக் களத்தில் பரப்பினேன். யாரும் இல்லை. சாக்கை நாலாக மடித்துப் போட்டு, கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு முழங்கால் போட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பழக்கம்.

இறங்கிவிட்டேன். எழ முடியவில்லை. கோழி வந்து சாமையைக் கிளறுகிறது. விரட்டக்கூட முடியவில்லை. ஜெபம் பண்ணலாம் என்று பார்த்தால் வாயில் வருவதெல்லாம் கோழியைத் திட்டுகிற வார்த்தை.

பக்கத்துக் காட்டு வெள்ளையம்மாதான் வந்தாள். அவர்கள் கும்பிடுவது வேறு சாமி. முப்பது வருஷமாக ஒரே தண்ணீர்க் குழாய். இடுப்பில் கை வைத்து நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, உங்க சாமி உங்களைப் புடிச்சு வச்சுக்கிச்சா?"

"மொதல்ல கோழிய முடுக்கு. அப்பறம் என்னைத் தூக்கு."

கோழியை விரட்டினாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். வீடு வரைக்கும் சிரிப்பு. மத்தியானம் மனசு கேட்காமல் பச்சிலை அரைத்துக் கொண்டுவந்து பற்றுப் போட்டாள். போகும்போது கொள்ளு விதை இரண்டு படி வேண்டும், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள்.

முட்டி பூசணிக்காய் அளவு. ஞாயிறு நடக்காது. ஜெபக்கனிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடலாமா. போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

வெள்ளி

நல்ல வெயில். வீக்கம் பாதி வடிந்தது. நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை, படுத்தே கிடந்தேன்.

காலையில் வெள்ளையம்மா விதைக்கு வந்தாள். குளித்து, ஈரத்தலையை முடிந்துகொண்டு. செருப்பை வேலிக்கு அந்தப் பக்கமே கழற்றி விட்டாள். எங்கள் மலையில் விதை வாங்க வந்தால் அப்படித்தான். பணம் கொடுத்தாலும், இனாமாக வாங்கினாலும் அதே முறை. நானும் அவள் வீட்டில் அப்படித்தான் வாங்குவேன். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

புதன்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்த அதே வாய் மூடி இருந்தது. கிழக்கே பார்த்து நின்றாள். முந்தானையை இரண்டு கையிலும் ஏந்தி, தலையைக் குனிந்தாள். நான் படியால் அளந்து போட்டேன். ஒரு கொள்ளு துள்ளி மண்ணில் விழுந்தது. முந்தானையை ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, குனிந்து பொறுக்கி, கண்ணில் ஒற்றி, மற்றதோடு சேர்த்தாள்.

அவள் முழங்கால் போடவில்லை. நின்றுதான் வாங்கினாள். அதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது?

படி கையிலேயே இருக்க, அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏனுங்கக்கா, அளவு மறந்து போச்சா?" என்றாள். இன்னும் அரைப்படி சேர்த்துப் போட்டேன். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது.

சனி

செய்ய வேண்டியது: வாழைத்தார் வெட்ட. வெள்ளைச் சேலை துவைக்க. ஜெபக்கனிக்கு எலுமிச்சை (வளைவில் வாந்தி எடுப்பாள்).

பத்து மணிக்கு ஆலயம் கூட்டப் போனேன். ஐயா மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டேன்.

"ஐயா, நான் நின்னு வாங்கிக்கலாமுங்களா? முந்தானை ஏந்தி?"

ஏணியிலிருந்து இறங்கி வந்தார். விதை விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த மாவிலையை ஏணிப் படியில் வைத்தார். அப்புறம், "வாங்கிக்கங்கம்மா. ஆனா அப்பம் கையில. துணியைக் கைக்குக் கீழ வச்சுக்கங்க. ஒரு துகள்கூடக் கீழ விழக் கூடாதில்லீங்களா," என்றார்.

நான் இவரைச் சின்னப் பிள்ளை என்று எழுதியது தப்பு.

மூன்று மணி பஸ்ஸில் ஜெபக்கனி. என்னைவிட உயரம். வாந்தி இரண்டு தடவையாம். மிளகு ரசமும் சாமைச் சோறும். தட்டு வைக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மூன்று மாதம் போகாதது, கோழி, எல்லாம். கோழிக்குச் சிரித்தாள். மற்றதற்குச் சிரிக்கவில்லை. முட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிறு

வெளிச்சமான நாள். ஆலயம் நிறைய இஞ்சி, வாழை, பூசணி, சாமைக்கதிர். ஒரு சேவல் பிரசங்கத்தில் இரண்டு தடவை கூவிற்று.

திருவிருந்து நேரம் போன் எல்லாம் அணைக்கச் சொல்லி, படம் எடுக்கக் கூடாது என்று முன்னாலேயே எல்லாரிடமும் சொன்னது நான்தான்.

செருப்பு வெளியே. தலையில் சேலை. ஜெபக்கனி கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அவள் முழங்கால் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். முந்தானைக்கு மேல் கை. பயமும் சந்தோஷமும் ஒன்றாக.

ஐயா அப்பத்தை வைத்தார். வாய்க்குக் கொண்டுபோகும்போது ஒரு துகள் துணியில் விழுந்தது. விரலில் ஒற்றி எடுத்து அதையும் வாங்கிக்கொண்டேன். பிறகு ரசம். தொண்டையில் சூடு.

மூன்று மாதப் பசி தீர்ந்த மாதிரி. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அடுத்த வரிசையில் மேட்டு வீட்டு ராகேலும் நின்று வாங்கினாள். அவளுக்கு இடுப்பு. இத்தனை நாள் அவளும் கடைசி வரிசைதான், நான் கவனிக்கவில்லை.

வெளியே வந்ததும் ஜெபக்கனி, "உங்களைப் பார்த்து எனக்கும் நிக்கணும்னு இருந்துச்சு அம்மாயி," என்றாள்.

"உனக்கு முட்டி இருக்குது சாமி. இருக்கிற வரைக்கும் போடு."

வெள்ளையம்மா காணிக்கை ஏலத்துக்கு வந்து பூசணி எடுத்தாள். "எந்திரிக்க யாரைக் கூப்பிட்டீங்க?" என்று காதில் கேட்டாள்.

திங்கள்

தூறல். காலை பஸ்ஸில் ஜெபக்கனி போய்விட்டாள். எலுமிச்சை கொடுத்தேன். இஞ்சி ஒரு பை.

வெள்ளையம்மா கொள்ளு விதைத்தாயிற்று. ஈரம் சரியான ஈரம்.

சுவரில் இருக்கும் ஜெபக்கனி போட்டோ முன்பல் விழுந்த வயதில் எடுத்தது. அந்தப் பிள்ளையா நேற்று என் பக்கத்தில். படம் எடுக்க வேண்டாம் என்றது சரிதான், அதில் வருத்தமில்லை. ஆனால் பஸ் ஏறும்போது புது போட்டோ ஒன்று கேட்டிருக்கலாம். மறந்துவிட்டேன். நாளைக்கு மகளிடம் சொல்ல வேண்டும்: நேற்றுப் போட்ட அதே வெள்ளை உடுப்பில், தலையைப் போர்த்தி, புதிதாக ஒரு போட்டோ. போனில் வேண்டாம், காகிதத்தில் போட்டு, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில்.