மேரி அக்காவின் ஃப்ளாப்பி

14 ஜூலை 2004, புதன்

இன்று கம்பெனியில் ஒருவர்கூட என் அறைக்கு வரவில்லை. அப்படிச் செய்ததே நான்தான்.

போன வாரம் முதலாளி கேட்டார்: "இன்னாப்பா, எல்லாரும் அவங்கவங்க சீட்லருந்தே ஃபைல எட்துக்கணும். எதப் போட்டா பேஜார் இல்லாம ஓடும்?"

என் விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்தே பகிர்ந்திருக்கலாம். அதை நான் அணைக்கும்போதெல்லாம் என்னைத் தேடி வந்திருப்பார்கள். நானோ பெரிய புத்திசாலி போல, மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, எல்லா ஃபைலையும் அதில் வைத்தேன். செலவில்லை, இரவும் பகலும் அது பாட்டுக்கு ஓடும், யாரும் தொடவும் வேண்டாம்.

நேற்றுவரை பேக்கிங் மேரி அக்கா தினமும் ஃப்ளாப்பியோடு வருவார். அன்றைய பேக்கிங் லிஸ்ட் அதில் காப்பி ஆகும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து மகள் ஷீலாவைப் பற்றிப் பேசுவார். நான் தனியாகத் தங்கியிருக்கும் வேப்பம்பட்டு அறையில் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. நாளெல்லாம் சேர்த்து அந்த ஐந்து நிமிடம்தான்.

இன்று மதியம் போன் செய்தார். "லிஸ்ட்டு இங்கியே வந்துட்ச்சுப்பா. இனிமே கால் வலிக்க அவ்ளோ தூரம் நடக்க வேணாம். நீ நல்லா இருக்கணும்." ஷீலாவுக்கு நர்சிங் சீட் கிடைத்ததா என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

நாளை பேக்கிங் பக்கம் போக ஒரு காரணம் வேண்டும். இவ்வளவு நேரமாக யோசிக்கிறேன். எங்கும் ஒரு கோளாறும் இல்லை.