நோட்டரி விண்ணப்பத்தில் இருபத்து மூன்று கைநாட்டு

காவலூர் மலை
12-2-1986

அன்பு மகள் செல்லிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடு மாடும் சுகம், மெட்ராஸில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். புளி இந்த வருஷம் நல்ல காய்ப்பு, உலுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

கண்ணு, கோபப்படாமல் படி. உன் நோட்டரி விண்ணப்பம் கெட்டுப்போய்விட்டது. பத்து வருஷம் வக்கீலாக இருந்தவர்கள்தான் கேட்கலாம், மாஜிஸ்ட்ரேட், பேங்க் மேனேஜர், ஒரு வியாபாரி, அப்புறம் இந்தப் பக்கத்துப் பெரிய மனிதர் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று நீ விவரமாகத்தான் எழுதியிருந்தாய். முதல் மூன்றையும் நீயே திருப்பத்தூரில் வாங்கிவிட்டு, கடைசி இரண்டை அப்பாவிடம் விட்டாய். அவர் நேராக ஊர்க்கவுண்டர் மாதையனிடம் போயிருக்கிறார். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாதா, ஒருத்தருக்காக ஊர் வாக்குக் கொடுப்பதென்றால் வீட்டுக்கு ஒரு ஆள் நின்று கொடுக்க வேண்டும். கூட்டம் போட்டு இருபத்து மூன்று வீட்டுக்காரரும் வரிசையாகக் கைநாட்டு வைத்துவிட்டார்கள். இடம் போதாமல் மாஜிஸ்ட்ரேட் முத்திரை மேலேயே நாலு விரல். உன் அப்பா மசி டப்பாவை ஏந்திக்கொண்டு, கல்யாண வீட்டில் சந்தனம் கொடுப்பவர் மாதிரி நின்றாராம். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அப்புறம் மாதையன் சொன்னதைக் கேட்டுத்தான் மனசு ஆறியது. ஒரு பத்திரத்துல முத்திரை வாங்க மலைய விட்டுக் கீழ போனா எவனும் மதிக்க மாட்றான், நம்ம பொண்ணு இந்தப் பக்கத்துக்கு நோட்டரியா வந்து குந்திக்கினா நமக்கு இன்னா பயம் என்றாராம். இருபது வருஷம் முன்னால் பெண்ணைப் படிக்கக் கீழே அனுப்பினோம் என்று நம்மை ஊரை விட்டுத் தள்ளி வைத்தவர் அவர்தானே!

புதுப் படிவம் உடனே அனுப்பு. புளி மண்டி சிங்காரம் மறுபடி போட்டுத் தருவதாகச் சொன்னார், மாஜிஸ்ட்ரேட்டையும் பேங்க் மேனேஜரையும் நீ வந்து பார்த்துவிடு. இந்த முறை மாதையனும் ஹெட்மாஸ்டர் அருணகிரியும் மட்டும்தான், நான் பக்கத்திலேயே நிற்பேன். வரும்போது அப்பாவுக்கு இருமல் மருந்து மறக்காதே. செல்லியம்மன் துணையிருந்து உன்னை நிறைவாக வைக்கட்டும்.

உன் விண்ணப்பத்தின் பேரில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டு அறிவிப்பு வருமே, யார் என்ன சொல்வார்களோ என்று எழுதியிருந்தாய். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ஊரோடு சேர்ந்து நீ போகக் கூடாது என்று அழுதவள் நான். உன் ட்ரங்குப் பெட்டியை வைக்கோலுக்குள் ஒளித்தவளும் நான்தான், நீ மாற்றுத் துணி இல்லாமல் பஸ் ஏறினாய். அது இன்னும் என்னைச் சுடுகிறது. பெற்றவள் கையெழுத்தை அந்தப் படிவத்தில் கேட்கவில்லை, அதனால் இதில் போடுகிறேன். என் மகள் செல்லி நோட்டரியாக இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ராணியம்மாள்