ஒரு படித் தவிடு

3 மார்ச் 1927

செல்லாயி ரப்பர் மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே எங்கள் குசினிக்கு வந்தாள். பாடம். பங்களாவில் புதுத் துரைசாணிக்குக் குழந்தை பார்க்க ஆயா வேண்டுமாம். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டுமாம். விடியற்காலை ஈரத்தில் நின்று நின்று செல்லாயிக்கு இருமல் தீரவே இல்லை. இது கிடைத்தால் தப்பிவிடுவாள்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டே 'மை', 'யுவர்' சொல்லிக்கொடுத்தேன். என் கோப்பையைத் தூக்கி, "மை கப்" என்றாள். யுவர் என்று திருத்தினேன்.

"என் கையில இருக்குல்ல கிராணியம்மா, அப்ப என்னுதுதான்!"

சிரித்துக்கொண்டே தொட்டிலில் கிடந்தவனைத் தூக்கினாள். "மை சன்."

திருத்த வாயெடுத்தேன். எப்படித் திருத்துவது? அவன் அவளுடையவன்தானே.

5 மார்ச்

மூத்தவன் எட்டாம் மாதம் காய்ச்சலில் போனான். அந்தப் பயத்தில்தான் இவனைப் பிறந்ததுமே விற்றேன். செல்லாயி முறத்தில் ஒரு படித் தவிடு கொண்டுவந்து என் மடியில் கொட்டி வாங்கிக்கொண்டாள். பிச்சைமுத்து என்று பேரும் அவளே வைத்தாள். விற்ற பிள்ளையை எமன் தேடி வரமாட்டானாம்.

"நீர் கொலிஜ்ஜிலே படிச்சனீரெல்லோ?" என்று இவர் கேட்டார். கேட்டுவிட்டு, அந்தத் தவிட்டைப் பத்திரமாக மாட்டுக்குக் கரைத்து வைத்தவரும் இவர்தான்!

ஆண்டு நிறைந்து, முடி இறக்கித்தான் திருப்பி வாங்கலாம். அதுவரை அவனை என்னுடையவன் என்று சொல்லக்கூடாது. இங்கேகூட எழுதவில்லை.

9 மார்ச்

பிள்ளைகுட்டி உள்ளவளைத் துரைசாணி எடுக்கமாட்டாவாம். கந்தோரில் கணக்கெழுதும்போது கேள்விப்பட்டு இவர் வந்து சொன்னார். அதனால் இன்று, "ஐ ஹாவ் நோ சில்ட்ரன், மேடம்." செல்லாயி அழகாகச் சொன்னாள். பிறகு அர்த்தம் கேட்டாள். சொன்னேன்.

"அது மட்டும் வேணாம்மா."

"உனக்கெண்டு பிள்ளை இல்லைத்தானே, செல்லாயி?"

"வாங்கினவளே இல்லேன்னு சொல்லிட்டா, பய அப்பறம் யாரு புள்ள? எது கேட்டுக்கிட்டு நிக்குதோ."

"அப்ப நாளைக்கே திருப்பி வாங்கிறன்" என்றேன். அவனுக்கு இப்போது எட்டாம் மாதம்.

"மொட்டை போடுறதுக்கு முன்னாடி நான் விக்கிறதா இல்ல. நீங்க பாடத்தைச் சொல்லுங்க."

10 மார்ச்

அவள் விற்கமாட்டேன் என்றது எனக்கு ஆறுதலாக் கிடக்கு. என்ன மனமப்பா இது? அவள் இருமுறாள். நான் ஆறுதல்படுறன்.

14 மார்ச்

பங்களாவுக்கு நானும் கூடப் போனேன். வேறு எதையாவது கேட்கட்டும் என்று வேண்டிக்கொண்டே நின்றேன். துரைசாணி அதைத்தான் கேட்டா.

செல்லாயி நிமிர்ந்து நின்றாள். "யெஸ், மேடம். ஐ ஹாவ் எ சன். ஹிஸ் நேம் இஸ் பிச்சைமுத்து."

ஒரு பிழை இல்லை. துரைசாணி தலையாட்டிச் சிரித்து எங்களை அனுப்பிவிட்டா. பீடோர்ப் பட்டணத்திலிருந்து வேறொருத்தியை எடுக்கப் போகிறாவாம்.

இறக்கத்தில் வரும்போது, "நல்லாச் சொன்னேனா, கிராணியம்மா?"

"நல்லாச் சொன்னாய்" என்றேன்.

15 மார்ச்

இவரோடு சண்டை. "துரையிட்டைப் போய் அவளுக்கு வேற வேலை கேளுங்கோ" என்று.

2 ஏப்ரல்

பலமுறை கேட்டபிறகு துரை இணங்கியிருக்கிறார். தோட்டத்து ஆயாக் கொட்டகையில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை இனிச் செல்லாயி பார்ப்பாள். கூரைக்குக் கீழே.

எட்டாம் மாதமும் கடந்தது. சும்மா எழுதி வைக்கிறேன்.

21 ஜூலை

மாரியம்மன் கோயிலில் முடி இறக்கினோம். கத்தி பட்டதும் ஊரையே கூட்டிவிட்டான். செல்லாயி தூக்கியதும்தான் அடங்கினான்.

முறத்தில் தவிட்டை அளந்து அவள் முன்னால் வைத்தேன். உற்றுப் பார்த்தாள்.

"கொறையுதே. அன்னிக்கு நான் தலைதட்டி ஒரு படி தந்தேன்ல?"

"தெரியும். இது அரைப்படிதான்."

"மிச்சம்?"

"தரமாட்டன்."

இவர் திகைத்துப் பார்த்தார். செல்லாயிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசி, அவனை என் கையில் தந்தாள்.

"அப்ப இந்தக் காலு எனக்கு" என்று இடது காலைப் பிடித்துக்கொண்டாள்.

வீடு வந்து சேரும்வரை என் மகன் அந்தக் காலை அவள் கையிலேயே விட்டுவைத்திருந்தான்.