தோல் காய்வதற்குள்

நீர் செய்த தோல் வளையம் கிழிந்ததால்தான் வண்டி திரும்பாமல் போனது என்று எழுதிவிட்டார்கள். நீர் மறுத்துப் பேச முடியாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எழுதினார்கள். அந்தத் தோலை இதுவரை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. உமக்கு நடந்த அநியாயம் இதுதான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துப் பேசுகிறவரைக் கண்டால் நீர் பாதியில் எழுந்து போய்விடுவீர்.

இன்று காலை வெயில் ஏறித் தகரக்கூரை சுட்டதும் ஷெட்டுக்குள் உம்முடைய வாசனை கிளம்பிற்று. உருக்கிய கொழுப்பும் ஆவாரம்பட்டையும் கலந்த வாசனை. தாராவியில் தோல் நாற்றத்துக்கு என்ன குறைச்சல்? ஆனால் மருந்துத் தொட்டியில் ஊறிய தோலின் காரம் வேறு, ஊரிலிருந்து பட்டை வரவழைத்து நீர் பதம் பார்த்த தோலின் மணம் வேறு. பின்மூலையில் உம்முடைய கொழுப்புச் சட்டி வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதை எடுத்துக் கழுவி வைக்கலாம் என்று பலமுறை நினைத்தேன். முடியவில்லை. நடுவில் அந்த வண்டி நிற்கிறது. சுவருக்கும் அதற்கும் இடையே ஒருக்களித்துக்கூட ஆள் நுழைய வழியில்லை. பானெட்டின் மேல் போலீஸ் வைத்த அரக்கு முத்திரை சிவப்பாக இருக்கிறது. நான் வாசலில், சந்தில் உட்கார்ந்து ஸ்கூட்டர் வேலை பார்க்கிறேன். என் ஷெட்டுக்கு நானே வெளியாள்.

அந்த வண்டி முதன்முதலில் நம் சந்துக்குள் வந்ததை நீர் மறந்திருக்க மாட்டீர். தரையோடு தரையாகத் தாழ்ந்து, இரண்டே கதவோடு, சிவப்பு நிறத்தில் ஒரு சீமை ரேஸ் வண்டி. அப்போதே பழையதுதான். வெள்ளைக்காரர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றதை ஒரு ஆலை முதலாளி வாங்கினார். ஓட்டியது அவருடைய மகன். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய்க்குள் பல் வெட்டிய கம்பி கிடக்கும். அதைத்தான் ரேக் என்கிறோம். மற்ற வண்டிகளில் அந்தக் கம்பியை நம் கைப்பலம்தான் தள்ள வேண்டும். இதில் எண்ணெய் தள்ளும். இன்ஜின் ஓடினால் பம்பு ஓடும், பம்பு ஓடினால் எண்ணெய் பாயும், ஸ்டீயரிங் ஒற்றை விரலுக்குத் திரும்பும். அந்தக் குழாயின் இரண்டு முனைகளிலும் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே எண்ணெயை அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையம், சீல், செத்துப்போயிருந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வருவதற்கு வழியில்லாத காலம். பெரிய ஒர்க்ஷாப்புகள் கைவிரித்த பிறகு, கடைசியில் என் வாசலுக்கு வந்தார்கள்.

நான் யாரிடமும் தொழில் படித்தவனில்லை. கழற்றிப் பார்த்து, மாட்டத் தெரியாமல் விழித்து, மறுபடியும் கழற்றிக் கற்றவன். உமக்கோ வண்டி ஓட்டவே தெரியாது. தோல் கிடங்கு வேலையை விட்டபின் என் ஷெட்டின் பின்மூலையில் உட்கார்ந்து அடிபம்புக்கு வாஷர் வெட்டிக்கொண்டிருந்தீர். ரப்பர் சீல் கிடைக்காது, வண்டியைத் திருப்பி அனுப்பப் போகிறேன் என்று நான் சொன்னபோது, நீர் வெட்டுக்கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தண்ணிய நிப்பாட்டுத தோலு எண்ணெய நிப்பாட்டாதா? எண்ணெ அதுக்குச் சோறுல்லா வே."

எருமைத்தோலின் முதுகுப் பகுதியாகப் பார்த்து எடுத்தீர். ஊறவைத்து, மரஅச்சில் அழுத்தி, சின்னக் கிண்ணம் போல வளைத்து, நிழலில் காயவிட்டு, பிறகு கொழுப்பில் முக்கினீர். நான் அவசரப்படுத்தினேன். நீர் அசையவில்லை. மாட்டியதும் இன்ஜினைக் கிளப்பி ஸ்டீயரிங்கை ஒடித்தேன். ஒரு முனை கப்பென்று நின்றது. மறுமுனையிலிருந்து எண்ணெய் பீய்ச்சி, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த உம் தாடியெல்லாம் வழிந்தது. அடிபம்பில் இரண்டு தோலும் வாயை மேல்பக்கம் வைத்தபடிதான் இருக்கும். காலமெல்லாம் அப்படியே செய்து பழகிய கை, இதிலும் இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க வைத்துவிட்டது. நீர் துண்டை எடுத்துத் தாடியைத் துடைத்துக்கொண்டு, "பம்புல தண்ணி மேல மட்டுந்தான் போவும். இந்தப் பய ரெண்டு பக்கமும்லா போறான்" என்றீர். அன்று சிரித்ததுபோல நான் பிறகு சிரித்ததில்லை. இரண்டு கிண்ணத்தையும் வாயோடு வாய் பார்க்கத் திருப்பி மாட்டினோம். அதற்குப் பிறகு ஒரு சொட்டு விழவில்லை. வண்டிக்கு அடியில் விரித்த செய்தித்தாளை எடுத்து நீர் உட்கார்ந்து படித்தீர்.

வண்டியை எடுக்க அந்தப் பையன் வந்தபோது வெள்ளோட்டம் போய்வரச் சொன்னேன். திரும்பி வரும்போது பெரிய ரோட்டிலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு, வந்த வேகத்திலேயே சந்துக்குள் உருண்டு வந்தான். பம்பாயில் பாதி டிரைவர்கள் அப்படித்தான். இறக்கம் கண்டால் சாவியை அணைத்துவிடுவார்கள், பெட்ரோல் மிச்சம் என்று. அவன் அப்பாவும் தன் டிரைவர்களுக்கு அதையே சட்டமாக வைத்திருந்தார். மற்ற வண்டிகளில் அதனால் மோசமில்லை. நீர் எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு உம்முடைய தாராவி இந்தியில் சொன்னீர்: "இஞ்சன் பந்த், ஸ்டீயரிங் பத்தர்." இன்ஜினை நிறுத்தினால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும் என்று. இரண்டு தடவை சொன்னீர். அவன், "டீக் ஹை, சாச்சா", சரி சித்தப்பா என்று சிரித்துவிட்டுப் போனான். கேட்டது அவனும் நானும் மட்டுமே.

அந்தக் கோடையில்தான் மாட்டுங்கா பக்கம் ரயில் பாலத்துச் சரிவில் இறங்கி வந்து, அடிவாரத்தில் நின்ற வாழைப்பழ வண்டியின் மேல் ஏற்றினான். பழக்காரர் நம் பக்கத்து ஆள்தான், தென்காசிக்காரர். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. சயான் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சத்தமே இல்லாம வந்துச்சு அண்ணாச்சி. ஒரு உறுமல் கேட்டிருந்தாக்கூட ஒதுங்கியிருப்பேன்" என்றார். சத்தமே இல்லாமல். இன்ஜின் ஓடவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? போலீஸிடமும் இதையே சொல்லியிருக்கிறார். வலியில் பிதற்றுகிறார் என்று விட்டுவிட்டார்கள்.

பையன் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். ஸ்டீயரிங் திடீரென்று இறுகிவிட்டது, தாராவியில் தோல் வைத்துத் தைத்தார்கள் என்றான். ஸ்டேஷனில் வண்டி நிறுத்த இடமில்லை என்று என் ஷெட்டுக்கே இழுத்து வந்து, அரக்கு வைத்து, கோர்ட் சொல்லும்வரை பத்திரமாக வைத்திருப்பேன், தொடமாட்டேன், சொல்லாமல் ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு அது சாதாரணமாகப் பட்டது.

நீர் அப்போது படுத்துவிட்டீர். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உம்மிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். யாரோ சொல்லிவிட்டார்கள். நான் வந்து உட்கார்ந்ததும் சுவர்ப் பக்கமிருந்து திரும்பினீர்.

"தெறந்து பாக்கச் சொல்லும். கிழிஞ்சிருந்தா நானே ஒத்துக்கிடுதேன். பாக்காமச் சொல்லக் கூடாது வே."

மழை விடுவதற்குள் போய்விட்டீர். அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து மாட்டுங்காவிலிருந்து முதலாளி தரப்பு வக்கீலின் குமாஸ்தா வந்தார். நம் ஆள்தான், தமிழர். சந்தில் போட்ட ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். தோல் வளையம் கிழிந்ததால்தான் வண்டி திரும்பவில்லை, தோல் வைக்கலாம் என்பது உம்முடைய யோசனை, தோல் தாங்காது என்று நான் எச்சரித்தேன், நீர் கேட்கவில்லை என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் போதும், வழக்கு சுருங்கிவிடும், வண்டியை எடுத்துப் போய்விடுவார்களாம்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லேன்னுதான் எழுதியிருக்கு. போனவரை யாரும் கூண்டுல ஏத்த முடியாது. உங்க ஷெட் உங்களுக்கு வந்துடும். இதுல யாருக்கு நஷ்டம், சொல்லுங்கோ."

"தெறந்து பாத்தாச்சா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கோர்ட் பார்த்துக்கும். செத்துப்போனவருக்கு வக்காலத்து வாங்கறேளே, நீங்க என்ன வக்கீலா?"

"மெக்கானிக்கு. தெறக்காம எதையும் சொல்ல மாட்டேன்."

அவர் தாளை மடித்து ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுப் போனார். பிறகும் பலமுறை வந்தார். ஒவ்வொரு முறையும் மரியாதையாகத்தான் பேசினார். என் வீட்டுக்காரியும் கேட்டுவிட்டாள். உமக்காக அழுதவள்தான் அவளும். "செத்தவரு கோவிச்சுக்கிடவா போறாரு? கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு வாங்க. காட்கோபர்ல மக வீட்டுல போயி நிம்மதியா கெடப்போம்" என்றாள். அவள் சொல்வதில் தப்பு இல்லை. ஆனாலும் போட மாட்டேன்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. என்னைத் தின்பது வேறு. தோலுக்கு எண்ணெய் சோறு என்று நீர்தான் சொன்னீர். வண்டி ஓடினால் அந்தச் சோறு சுற்றி வரும். நின்றுபோனால் எண்ணெய் குழாயின் அடியில் தங்கிவிடும். வளையத்தின் கீழ்ப்பாதி நனைந்திருக்கும், மேல்பாதி காயும். காய்ந்தால் இறுகும், இறுகினால் வெடிக்கும். கோர்ட்டில் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. என்றைக்காவது ஒரு நாள் யாரோ வந்து திறப்பார்கள். அன்று வெடித்த தோலைக் கையில் எடுத்து, பார், கிழிந்திருக்கிறது என்பார்கள். பொய்யை நிஜமாக்கும் வேலையை என் ஷெட்டுக்குள்ளேயே வைத்துச் செய்கிறார்கள். அதற்குக் காவல்காரனும் நான்தான்.

அரக்கை உடைத்து நானே திறந்து பார்த்துவிடலாமா என்று தோன்றாத நாளில்லை. ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு எத்தனையோ தடவை வாசலில் நின்றிருக்கிறேன். திறந்தால், இவனே புதுத் தோலை மாற்றி வைத்துவிட்டான் என்பார்கள். திறக்காவிட்டால் உள்ளே காய்கிறது. சீக்கிரம் திறக்கச் சொல்லி நான் கொடுத்த மனுக்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. ஸ்டேஷனில் இப்போது என்னைக் கண்டாலே, "ஆலா, சமடேவாலா" என்று மராத்தியில் சிரிக்கிறார்கள். தோல்காரன் வந்துவிட்டானாம். உம் பெயரை எனக்கு வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டு எனக்கு வருத்தமில்லை.

பார்க்காமல் சொல்லக் கூடாது என்ற உம்முடைய ஒரு வார்த்தையைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை அது அன்றே கிழிந்திருந்தால்? இருக்கலாம். கிழிந்திருந்தால் நீர் ஒத்துக்கொண்டிருப்பீர், உமக்குப் பதிலாக நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் பார்த்துவிட்டு.

ஆகையால் ஆக வேண்டியதைச் சொல்கிறேன். தேதியை இனித் தள்ளாமல் வண்டியைத் திறக்க உத்தரவிட வேண்டியது நீதிபதி. என் முன்னாலும் பழக்காரர் முன்னாலும் அரக்கை உடைக்க வேண்டியது இன்ஸ்பெக்டர். சத்தமே கேட்கவில்லை என்று பழக்காரர் சொன்னதை, சொன்னபடி எழுத வேண்டியதும் இன்ஸ்பெக்டரே. சரிவில் சாவியை அணைத்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டியது அந்தப் பையன். அப்படி ஓட்டப் பழக்கியது நான்தான் என்று பழக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியது அவன் அப்பா. ஸ்டூலில் வைத்துவிட்டுப் போன தாளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியது குமாஸ்தா. உமக்கு ஒரு வேலையும் இல்லை. நீர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர். எனக்கு இரண்டு இருக்கின்றன. கையெழுத்துப் போடக் கூடாது. அந்த ரேக்கைத் திறக்கும்வரை சாகக் கூடாது. முதலாவது என் கையில் இருக்கிறது.