அனுப்பியவளே கூப்பிட வேண்டும்

என் உயிரான ராசாத்தி அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிவிட்டது. எஸ்டேட் ஆபீஸ் கிராணி வீட்டில் கலர் டிவி வாங்கியிருக்கிறார்கள்; சனிக்கிழமையானால் லயத்துச் சனம் மொத்தமும் அங்கேதான். உன் மூன்றாம் வகுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நீ இன்னும் பெரிய டீச்சர்தான். சாரலில் வராந்தா முழுக்க நனைகிறது. தூண் ஓரத்தில் மட்டும் இரண்டு பாதம் அளவுக்குக் காய்ந்தே கிடக்கிறதே, ஏன் அக்கா?

நம் எஸ்டேட் பள்ளியில் எல்லாரும் ரோத்தான் பிரம்பு பிடித்தபோது நீ மட்டும் தொடமாட்டாய். சேட்டை செய்த பிள்ளையை வராந்தாவில் நிற்க வைப்பாய். கொஞ்ச நேரத்தில் கதவுச் சட்டத்தில் மூன்று முறை தட்டி, பேர் சொல்லிக் கூப்பிடுவாய். அனுப்பியவளே கூப்பிட வேண்டும், அதுவரை பிள்ளை உள்ளே வரக்கூடாது என்பது உன் சட்டம். "கூப்புட மறந்துட்டா அது தண்டன இல்ல லா, தொரத்தி வுட்டது" என்பாய். எனக்கு அதெல்லாம் வெறும் செல்லமாகப் பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உன் வகுப்பில் ஒரே இரைச்சல். நான் ரோத்தானோடு வந்து பிள்ளைகள் முன்னாலேயே கத்தினேன். "புள்ளைங்க ஒன் தலமேல ஏறி ஆடுதுங்க. மொதல்ல ஒன்னயத்தான் வெளிய நிக்க வைக்கணும். போ!"

நீ சிரித்துக்கொண்டே போய், நல்ல பிள்ளை மாதிரி கைகட்டி நின்றாய். நான் கூப்பிடவில்லை. பனி இறங்கி, மணி அடிக்கும்வரை நின்றாய். அன்றைக்கே காய்ச்சல். திங்கட்கிழமை நீ இல்லை. என்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை, நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று உன் வகுப்பு மல்லிகா என்னை எதிர்த்துப் பேசினாள். ரோத்தானை எடுக்க மனம் வரவில்லை, வராந்தாவுக்கு அனுப்பினேன். பாடக்குறிப்பு எழுதுகிற மும்முரத்தில் மறந்தே போனேன். மணி அடித்து நிமிர்ந்தால் வெளியே ஒரே பனி. அவளைக் காணோம். நாலடி தள்ளினால் தேயிலைச் சரிவு, கீழே ஓடை. என்ன செய்வதென்று தெரியாமல் கதவுச் சட்டத்தில் மூன்று முறை தட்டினேன்.

"மல்லிகா!"

பனிக்குள்ளிருந்து வந்தாள். சட்டை நனையவில்லை. வலது கையை மட்டும், யாரோ பிடித்திருந்த மாதிரி, தூக்கி வைத்திருந்தாள்.

"எங்கடி போனே?"

"எங்கயும் போவல டீச்சர். பெரிய டீச்சர் கூடத்தான் நின்னேன். கைய வுடவே இல்ல. நீங்க தட்டுனதுந்தான் போன்னு வுட்டாங்க."

"அவங்க... வரலயா?"

"அவங்கள நீங்க இன்னும் கூப்புடலயாமே, டீச்சர்."

பயமாக இருக்கிறது அக்கா, பொய் சொல்ல மாட்டேன். அதைவிட வெட்கமாக இருக்கிறது. நாளை மணி அடித்துப் பிள்ளைகள் போனதும், சட்டத்தில் மூன்று முறை தட்டி உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். சத்தியம். உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உள்ளே வந்துவிடு.

உன்னை வெளியே அனுப்பிய தங்கை,
செல்வி