ஹெல்மெட்டில் வந்த துரை

அப்பாவுக்கு,

சோறு அடுப்படியில் மூடியிருக்கிறது.

நம் நாய் துரையை மாட்டுவண்டியில் பண்ருட்டி டாக்டரிடம் கொண்டுபோகிறேன். நேற்று "நாயா, நானா?" என்று கத்தினீர்களே, அதற்காக இல்லை. காலையில் அவனுக்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. வண்டியில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. ஊசி போட்டபின் நான் மட்டும்தான் திரும்புவேன்.

உங்கள் மைன்ஸ் ஹெல்மெட்டுக்குள் தூங்கியபடி வந்த குட்டி. கொடுத்த வெள்ளைக்கார எஞ்சினியரிடம், எவ்வளவு வளரும் என்று நாம் கேட்கவில்லை. இரண்டு அறை குவார்ட்டர்ஸில் கன்றுக்குட்டி அளவு நாயை வளர்த்த சாமர்த்தியசாலிகள் நாம். காவலுக்கு வாங்கிப்போன மந்தாரக்குப்பம் ராயப்பனும் நாலே நாளில் திருப்பிவிட்டார்: "இதுக்கு ஆக்கிப் போடறதுக்கு ரெண்டு மாடு வளத்துக்கினு போவேன் தம்பி."

சாவி பக்கத்து வீட்டில்.

வேலுமணி

பி.கு: உங்கள் பையில் இருக்கும் கேண்டீன் பன்னை இன்றைக்கு நீங்களே சாப்பிட்டுவிடுங்கள். தினமும் துரைக்கு ஒளித்துக் கொண்டுவந்து போடுவது எனக்குத் தெரியும்.