ஏழாவது கேள்விக்கு லீலாவதியின் பதில்

புனே
9 மார்ச் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் சண்டை. ஈமெயில் போட்டால் நீ பார்ப்பதே இல்லை, அதனால் கையால் எழுதுகிறேன்.

டெல்லி மாநகராட்சித் தேர்தலுக்காக நானும் என் நண்பன் ஆல்பர்ட்டும் ஒரு வெப்சைட் செய்திருக்கிறோம் என்று சொன்னேனே. இருபது கேள்விகளுக்கு வேட்பாளர்கள் ஆமாம், இல்லை என்று பதில் அனுப்புகிறார்கள். வாக்காளரும் அதே இருபதுக்குப் பதில் சொன்னால், யாரோடு எத்தனை பொருந்துகிறது என்று காட்டும். நேற்று நானே போட்டுப் பார்த்தேன். உன்னை எதிர்த்து நிற்கிற அம்மாளோடு எனக்குப் பதினைந்து. சொந்த அக்காவோடு நாலு!

ஏழாவது கேள்வி, வார்டில் உள்ள குடிசைகளை அகற்ற வேண்டுமா என்பது. நீ 'ஆமாம்'. பத்து வருஷமாக உன் வீட்டில் வேலை செய்கிற குஞ்சம்மாள் எங்கே போவாள்? வேட்பாளர் ஆனதும் புத்தி மாறிவிட்டதா?

இருமல் போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

ஜம்பு

ஜனக்புரி
14 மார்ச் 2007

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

முகத்தில் அடித்தாற்போல் எழுதுவதை நீ விடவே மாட்டாயா? இருமல் போனது சந்தோஷம். ஃபிரிஜ் தண்ணீர் குடிக்காதே.

அதில் ஒன்றுகூட நான் எழுதிய பதில் இல்லை. அந்த ஈமெயில் முகவரி உன் அத்தானுடையது. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதால் என்னை நிறுத்தினார். இல்லாவிட்டால் அவரே நின்றிருப்பார். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தபோது, "ஜம்பு ஃபாரத்தை நானே ஃபில் பண்ணிட்டேன் லீலா" என்றார். அச்சா என்றேன். அவ்வளவுதான். கெட்ட எண்ணம் இல்லையடா. என் பேங்க் படிவத்தையும் அவர்தான் நிரப்புவார்.

நீயும் கடிதமே போடு. உன் அத்தான் டெல்லியில் பிறந்தவர், தமிழ் பேசுவாரே தவிரப் படிக்க வராது.

என் பதில்கள் பின்பக்கம். பத்து மாறுகிறது. ஏழாவதை மட்டும் அப்படியே விட்டுவிடு. காலனி சங்கத்தார் அதற்காகத்தான் என் பின்னால் நிற்கிறார்கள்.

லீலாவதி

புனே
19 மார்ச் 2007

அக்கா,

பத்தை மட்டும் மாற்ற முடியாது. இருபதும் வேட்பாளரின் சொந்தப் பதிலாக இருக்க வேண்டும், கீழே கையெழுத்து வேண்டும். அது நான் போட்ட விதி. அக்காவுக்காக வளைக்க மாட்டேன். அத்தானின் பதிலுக்குக் கீழே உன் கையெழுத்தா?

28ஆம் தேதி பட்டியலை மூடுகிறோம். அதற்குள் வராவிட்டால் உன் பெயருக்கு எதிரே 'பதில் தரவில்லை' என்று போடுவேன். அதுவாவது உண்மை.

உன் பதில்களில் குப்பை வண்டிக்குக் கட்டணம் கூடாது என்கிறாய். தப்பு. நேரில் வந்து சண்டை போடுகிறேன்.

கோபப்படாதே. நீ ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் ஜெயிப்பது நீயாக இருக்க வேண்டும், அத்தான் அல்ல.

ஜம்பு

ஜனக்புரி
23 மார்ச் 2007

ஜம்பு,

இருபதும் இதில் இருக்கிறது. ஏழாவது: இல்லை.

நேற்றுக் குஞ்சம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அக்கா, எங்க கல்லியில எல்லாக் குடிசைக்கும் உங்களுக்குத்தான் போடணும்னு சொல்லிட்டேன்" என்றாள். அப்புறம் எனக்கு வேறு பதில் எழுதக் கை வரவில்லை.

போட்டுவிடு. அவரிடம் நானே சொல்கிறேன்.

லீலாவதி

ஜனக்புரி
2 ஏப்ரல் 2007

அன்புத் தம்பிக்கு,

சங்கத்தார் ஆதரவு இல்லை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். உன் அத்தான் நாலு நாள் என்னோடு பேசவில்லை. காபி வைத்தால் குடித்தார், அவ்வளவுதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, தானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வாக்காளராக இருபதுக்கும் பதில் போட்டார். என்னோடு ஒன்பது வந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார்.

"பதினாறு வருஷமா இருபதுக்கு இருபதுன்னு நெனச்சிட்டிருந்தேன் லீலா."

இன்னொரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"உட்காரு. ஒண்ணாவதுலேர்ந்து வா. இதுக்கு ஏன் இல்லைன்னே?"

கல்யாணமான நாளிலிருந்து இப்படிக் கேட்டதில்லை, ஜம்பு. மூன்று மணி நேரம் கத்தினோம். பருப்பு தீய்ந்துவிட்டது. ஒன்றில்கூட அவர் மாறவில்லை, நானும் மாறவில்லை.

இன்று ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறார். பிரசாரத்துக்கு நாளை சாயங்காலம் வரைதான் நேரமாம். என் நோட்டீஸ் கட்டை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கீழே ஹார்ன் அடிக்கிறார். தன் ஓட்டை யாருக்குப் போடுவார் என்று தெரியாது. கேட்கப்போவதுமில்லை.

உன் அன்பு அக்கா,
லீலாவதி